பம்பளிமாசும் பரதேச மதுவும்

கோடை முதிர்ந்தால் தாகத்தைத் தணிக்கும் பானங்களைப் பற்றிப் பேச்செழுவது இயல்பே. ஆயினும் சில ஆண்டுகளாக நம் நாட்டில் படித்த வகுப்பினரிடையே ஒரு புதிய பேச்சுக் கிளம்பியிருக்கிறது. மெக்ஸிகோ தேசத்து டெகீலா என்னும் மதுவையும், கிரேப்ஃப்ரூட் என்னும் கசப்பும் புளிப்பும் கலந்த பழத்தின் சாற்றையும் ஒன்றாக்கி, எலுமிச்சை பிழிந்து, கோப்பையின் விளிம்பில் உப்பைத் தடவி, பனிக்கட்டியிட்டு, குளிர்ச்சி தரும் பானமென்று அதை வீட்டிலேயே தயாரித்து அருந்துவதும், விருந்தினருக்கு வழங்குவதும் நாகரிகத்தின் அடையாளமாகக் கருதப்படுகின்றன. மெக்ஸிகோவில் இதற்குப் 'பலோமா' என்று பெயர். புறா என்பது அச்சொல்லின் பொருள். புறா என்ற பெயரைத் தாங்கி வீட்டுக்குள் பறந்து வரும் இப்பொருள் எத்தன்மையது என்று ஆராய்வது பொதுஜன நன்மையில் நாட்டமுள்ள எவர்க்கும் கடமையாகும்.

இது பட்டணத்துச் செல்வர்களின் விளையாட்டு, கிராமத்தாருக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். புதுவையைச் சேர்ந்த நெட்டப்பாக்கம் கொம்யூனில் கரியமாணிக்கம் என்றோர் ஊர் இருக்கிறது. நெல்லும் கரும்பும் விளையும் பூமி. பெருமாளின் திருநாமத்தையே பெயராகக் கொண்ட ஊர். இங்கிருந்து சிறிது தூரம் எத்திசையில் சென்றாலும் புதுவை எல்லை முடிந்து தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும். இன்னும் சிறிது தூரம் சென்றால் மறுபடி புதுவை எல்லை. பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளில் கத்தரித்த துணித்துண்டுகள்போல் சிதறிக் கிடந்த இந்த எல்லைகள் 1954-க்குப் பின்னும் அப்படியே இருக்கின்றன. எல்லைக்கு இப்பால் மதுவின் மீதுள்ள தீர்வை குறைவு, அப்பால் அதிகம். ஆகவே கடலூர், விழுப்புரம் ஜில்லாக்களிலிருந்து குடிப்பதற்கென்றே புதுவைப் பக்கம் வருவோர் தொகை சொல்லி முடியாது. பரதேசத்து மது முதல் உள்ளூர்ச் சாராயம் வரையில் எல்லாம் எளிதில் கிடைக்கும் இப்பிரதேசத்தில், பட்டணத்து மாடியில் இன்று தோன்றும் பழக்கம் நாளைக்குக் கிராமத்துத் திண்ணைக்கு வந்து சேரும் என்பதற்கு அத்தாட்சி வேண்டுவதில்லை.

முதலில் இந்தப் பானத்தின் உறுப்புகளைப் பிரித்துப் பார்ப்போம். டெகீலா என்பது மெக்ஸிகோவின் ஹலிஸ்கோ மாகாணத்திலுள்ள ஓர் ஊரின் பெயர். நீலநிறமுள்ள ஒருவகை ஆனைக்கற்றாழையை ஆறேழு ஆண்டுகள் வளர்த்து, இலைகளைச் சீவி, நடுக்கிழங்கைச் சுட்டுப் பிழிந்து, புளிக்கவைத்து, இருமுறை காய்ச்சி வடிக்கிறார்கள். 1974 முதல் அத்தேசத்துச் சர்க்கார் இப்பெயருக்குச் சட்டக் காப்பு அளித்து, குறித்த பகுதிகளில் வடித்ததற்கே டெகீலா என்ற பெயர் உரியதென விதித்திருக்கிறது. அந்தக் கற்றாழையின் இனத்தைச் சேர்ந்ததே நம் ஊர்களில் இரயில் பாதையோரத்திலும் வயல் வேலியிலும் நிற்கும் இரயில் கற்றாழை. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. நம்மவர் அதில் நாரெடுத்துக் கயிறு திரித்தார்கள், சாராயம் வடிக்கவில்லை. இப்போது ஆந்திரத்துச் சித்தூர்ப் பகுதியில் அதிலிருந்தும் மது வடிக்கிறார்கள்.

பழத்தின் சரித்திரம் இதைவிட வியப்பானது. கிரேப்ஃப்ரூட் ஆதியில் தனிச் சாதிப் பழமன்று. தென்கிழக்காசியப் பகுதிகளுக்குரிய பம்பளிமாசும், சீனத்து இன்ப ஆரஞ்சும் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்டு, பார்படோஸ் தீவில் 18-ஆம் நூற்றாண்டில் தாமே கலந்து பிறந்த கலப்பினம் அது. அதாவது, பெருவிலை கொடுத்துப் பட்டணத்துக் கடையில் வாங்கும் அந்தப் பழம் நம் கொல்லையில் நிற்கும் பம்பளிமாசின் பிள்ளை. தாய் கொல்லையில் உதிர்ந்து கிடக்கிறாள். பிள்ளையைக் கப்பலேற்றி வரவழைத்து உபசரிக்கிறோம். பம்பளிமாஸ் என்ற பெயரே டச்சுக்காரர் வாயிலும் சற்றேறக்குறைய அவ்வாறே வழங்குகிறது. 1693 முதல் 1699 வரை புதுவையையே அந்த டச்சுக்காரர் கைப்பற்றி ஆண்டார்கள் என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது.

இனி, இக்கலவையில் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது? பழச்சாறு, எலுமிச்சை, உப்பு, தண்ணீர், பனிக்கட்டி ஆகிய ஐந்திலிருந்து வருகிறது. உப்புக்கு நாவிலே கசப்பை அடக்கும் குணம் உண்டு. அதனாலேயே நம் வீட்டுப் பெண்மக்கள் பம்பளிமாஸ் சுளைக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருவார்கள். வெயிலில் உழைத்து வியர்வையோடு உப்பை இழந்தவனுக்கு அது மீண்டும் கிடைக்கிறது. ஆறாவதாகிய மதுவோ இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. உடலில் நீரைத் தேக்கிவைக்கும் சுரப்பை அது தடுத்து, சிறுநீரைப் பெருக்கி, குடித்த தண்ணீரையும் வெளியேற்றுகிறது. தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வெப்ப உணர்ச்சியை உண்டாக்குகிறது. தாகசாந்திக்கென்று அருந்தும் பானத்தில் தாகத்தை வளர்க்கும் பொருளைக் கலப்பது பொத்தற் குடத்தில் நீர் மொள்வதை ஒக்கும்.

அளவோடு அருந்தினால் என்ன என்று கேட்போர் உண்டு. கணக்கிட்டே பார்ப்போம். ஒரு கோப்பைக்கு 60 மில்லி டெகீலா என்று கொள்வது வழக்கம். நூற்றுக்கு 40 பங்கு சாரமுள்ள அம்மதுவில் 24 மில்லி தனிச்சாரம் இருக்கிறது. எடையில் அது சுமார் 19 கிராம். இதை ஈரல் எரித்துத் தீர்க்க இரண்டு மணி முதல் மூன்று மணி நேரம் ஆகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மதுச்சாரம் இருப்பவன் வண்டி ஓட்டுவது குற்றமென்கிறது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவனுக்கு இந்த ஒரு கோப்பையே அவ்வரம்பைத் தாண்டப் போதும். இரண்டாவது கோப்பையை அருந்திவிட்டு, விளக்கில்லாத கிராமச் சாலையில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் விருந்தினன் எந்த அளவைக் காத்தவனாவான்? மேலும், கடையில் அளந்து ஊற்றுவதற்கு அளவைக் கிண்ணமாவது உண்டு. வீட்டில் ஊற்றும் கைக்கு அளவேது? பழத்தின் புளிப்பும் கசப்பும் மதுவின் காரத்தை மறைத்துவிடுவதால் குடிப்பவனுடைய நாக்கும் அவனை எச்சரிப்பதில்லை. இக்கலவையின் ருசியே இதன் ஆபத்து.

இந்த மறைக்கும் குணத்தைப் பற்றி வைத்திய உலகில் ஒரு சம்பவம் உண்டு. கனடா தேசத்தில் டேவிட் பெய்லி என்னும் ஆராய்ச்சியாளர், ஃபெலோடிபின் என்ற இரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன விளையும் என்று சோதித்தார். மதுவின் ருசி தெரியாதிருக்கக் கிரேப்ஃப்ரூட் சாற்றைக் கலந்து கொடுத்தார். மருந்து இரத்தத்தில் எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு ஏறியிருந்தது. ஆராய்ந்தபோது, அதற்குக் காரணம் மதுவன்று, பழச்சாறே என்று தெரிந்தது. 1989-ல் இது வெளியாயிற்று. குடலில் மருந்துகளைச் சிதைக்கும் ஒரு நொதியை அச்சாறு முடக்கிவிடுகிறது. ஆகவே மருந்து சிதையாமல் மிகுதியாக இரத்தத்தில் சேர்கிறது. தாய்ப்பழமான பம்பளிமாசுக்கும் இக்குணம் உண்டு. நிஃபெடிபின், ஃபெலோடிபின் முதலிய இரத்த அழுத்த மருந்துகளும், சிம்வாஸ்டாடின், அடார்வாஸ்டாடின் முதலிய கொழுப்பைக் குறைக்கும் மருந்துகளும் உட்கொள்வோர், மது கலந்தாலும் கலவாவிட்டாலும், வைத்தியரைக் கேளாமல் இப்பழங்களை உண்ணலாகாது. நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்வோர் வெறும் வயிற்றில் மது அருந்தினால் இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து அறிவு தப்பவும் கூடும். நாற்பது வயதைக் கடந்தவர்களில் இம்மருந்துகளில் ஒன்றேனும் உண்ணாத குடும்பம் இன்று அருகிவிட்டது. விருந்துக்கு அழைத்தவன் வந்தவர் ஒவ்வொருவரின் மருந்துச் சீட்டையும் பார்த்தா கோப்பையை நீட்டுகிறான்?

இவையெல்லாம் தேகத்தைப் பற்றிய விஷயங்கள். தேசத்தைப் பற்றிய விஷயமும் இதில் அடங்கியிருக்கிறது. 1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948 அக்டோபர் 2-ந் தேதி, இதே பகுதியைச் சேர்ந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஆட்சியில் சென்னை மாகாணம் முழுவதும் அது பரவிற்று. அப்போது புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. வேலிக்கு அப்பால் விலக்கு, இப்பால் விற்பனை என்ற நிலை அன்று தொடங்கிற்று. 1954-ல் பிரெஞ்சு ஆட்சியை உதறி விடுதலைக் கொடி உயர்த்திய இடங்களில் நெட்டப்பாக்கம் முன்னணியில் நின்றது. அவ்வாண்டு அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். கொடி மாறிற்று, மதுக்கடை மாறவில்லை. மதுவிலக்கைக் கொண்டுவர ராஜ்யங்கள் முயலவேண்டுமென்று அரசியல் சட்டத்தின் 47-ஆம் விதி கூறுகிறது. அதே சட்டத்தின் கீழ்த்தான் தமிழ்நாட்டில் 1971-ல் விலக்குத் தளர்ந்து, பின்னர் மீண்டும் வந்து, மறுபடி தளர்ந்து, 2003 முதல் சர்க்காரே சில்லறை மதுக்கடைகளை நடத்திவருகிறது. எல்லைக்கு இருபுறமும் கஜானாக்கள் குடியின் வரும்படியை நம்பி நிற்கின்றன. இந்நிலையில் நாம் சர்க்காரை நோக்கி மட்டும் விரலை நீட்டிவிட்டு, மாலையில் வீடு சென்று பழச்சாற்றில் மது கலப்போமாயின், அந்த விரலுக்கு என்ன மதிப்பு?

2023 மே மாதத்தில் புதுவைக்கு வடக்கே மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் நடந்த கொடுமைகளை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். தொழிற்சாலைக்குரிய மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து, கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணின் நரம்பை முதலில் அழிக்கிறது. மாண்டவர்களிற் பலர் அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள். அவர்கள் பிளாஸ்டிக் பையில் வாங்கிக் குடித்ததைக் குற்றமென்றும் அறியாமையென்றும் எழுதினோம், பேசினோம். கண்ணாடிக் கோப்பையில் உப்பு விளிம்போடு அருந்துவதை மட்டும் ரசனையென்கிறோம். கோப்பைக்கொரு நீதி, பைக்கொரு நீதி என்று வைத்துக்கொண்டால், கூலிக்காரனிடம் குடியை விடு என்று சொல்ல நமக்கு வாயேது? மேலோர் செய்வதையே மற்றவர் பின்பற்றுவர். மேலோனுக்கு டெகீலா கிடைக்கிறது. அவனைப் பின்பற்றும் ஏழைக்குக் கையில் உள்ள காசுக்குக் கிடைப்பது எதுவோ அதுவே கிடைக்கிறது.

மதுவிலக்குக் கட்சியாருக்கு எதிராகச் சொல்லப்படும் ஒரு வாதத்தை நாம் மறைக்க விரும்பவில்லை. விலக்குச் சட்டம் மட்டும் இருந்தால் கள்ளச் சாராயம் பெருகும் என்பது அவ்வாதம். அதில் வாஸ்தவம் இருக்கிறது. களைத்து வருகிறவனுக்கு வேறொன்றும் கொடாமல் இதைக் குடியாதே என்று சொல்வது அரைவேலை. காந்தியடிகள் 1941-ல் வெளியிட்ட நிர்மாணத் திட்டத்தில் இதை உணர்ந்தே, உழைத்துக் களைத்தவன் இளைப்பாறவும், மலிவான, ஆரோக்கியமான பானங்களையும் சிற்றுண்டியையும் பெறவும், விளையாடவும் இடங்கள் அமைக்கவேண்டுமென்று தொண்டர்களுக்குச் சொன்னார். அந்த வேலை இன்னும் பாக்கியிருக்கிறது.

ஆகவே, மதுவை நீக்கி அதே பானத்தை நம் பொருள்களால் வீட்டில் தயாரிக்கும் முறையை இங்கே தருகிறோம். பழுத்த பம்பளிமாஸ் ஒன்றை எடுத்து, தடித்த தோலையும் வெள்ளைச் சதையையும் நீக்கவேண்டும். சுளையைப் போர்த்தியுள்ள மெல்லிய தோலையும் உரித்து எறியவேண்டும். கசப்பு மிகுதியாக இருப்பது அதில்தான். சுளைகளின் மேல் சிட்டிகை உப்பைத் தூவிச் சில நிமிஷம் வைத்துப் பிழிந்தால் கால் லிட்டர் அளவுக்குச் சாறு இறங்கும். சிறிதளவே சுக்கையும், இரண்டு ஏலக்காயையும் தட்டிக்கொள்க. ஒரு கைப்பிடி பனைவெல்லத்தை வெந்நீரில் கரைத்து, மண் நீங்க வடிகட்டி ஆறவிட்டு, எல்லாவற்றையும் கலந்து, ஓர் எலுமிச்சம்பழம் பிழிந்து, மண்பானைத் தண்ணீர் அரை லிட்டர் சேர்த்தால் நால்வருக்கு ஆகும். நுரைக்கும் பானமே வேண்டுமென்பவர் தண்ணீருக்குப் பதில் கோலி சோடா ஊற்றிக்கொள்ளலாம். பிழிந்த சாற்றை வைத்திருந்தால் நேரம் செல்லச் செல்லக் கசப்பேறும். ஆதலால் அவ்வப்போது பிழிவதே நன்று. மேற்சொன்ன மருந்துகளை உண்பவருக்கு இதே முறையில் ஆரஞ்சுச் சாற்றைக் கொண்டு தயாரித்துக் கொடுக்கலாம்.

பனைமரத்தையும் இங்கே சொல்லாமல் விடலாகாது. பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் அது புளித்துக் கள். இரண்டு பானங்களுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு விரல் சுண்ணாம்புதான். மரமேறும் தொழிலாளிக்குக் கள்ளைப் போலவே பதநீருக்கும் நிச்சயமான விலை கிடைக்குமானால் அவன் சுண்ணாம்பு தடவத் தயங்கமாட்டான். 1934-ல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம், குமரப்பாவின் ஊக்கத்தால், கிராமத்துப் பொருளைக் கொண்டே கிராமத்தான் வாழ வழி காண முயன்றது. பனைவெல்லத் தொழிலையும் அது ஆதரித்தது. புதுவையிலோ பல்லாண்டாகக் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் ஏலம் விடப்பட்டு வந்திருக்கின்றன. பதநீருக்கு அதே அக்கறையோடு விற்பனை ஸ்தலம் ஏற்படுத்தினால் யாருக்கு நஷ்டம்?

இப்போது அரசியல் ஊழியர்களாகிய அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். கோடை வந்தால் எல்லாக் கட்சியாரும் தண்ணீர்ப் பந்தலும் நீர்மோர்ப் பந்தலும் வைக்கிறீர்கள். அது நல்ல தொண்டு. அதே ஊரில் தேர்தல் வந்தால் இரவில் குப்பிகள் வீடு தேடி வருகின்றன என்று ஜனங்கள் சொல்லுகிறார்கள். பகலில் மோர் கொடுத்த கை இரவில் குப்பி கொடுக்குமானால், முதலில் கொடுத்த மோரும் புளித்ததாகவே ஜனங்கள் எண்ணுவார்கள். குடிக்கு விற்ற வாக்கை மறுநாள் திரும்பப் பெற வழியில்லை. அதன் பயனை ஐந்தாண்டு அந்த வீட்டுப் பெண்டிரும் பிள்ளைகளும் அனுபவிக்கிறார்கள். கரியமாணிக்கம், மடுகரை, பாகூர், வில்லியனூர் முதலிய இடங்களிலுள்ள ஊழியர்கள் கட்சி வேற்றுமை பாராமல் ஒன்றுகூடி, தேர்தலிலும் கலியாணத்திலும் கட்சி விருந்திலும் மது வழங்குவதில்லை என்று தீர்மானம் செய்வார்களாக. பந்தல்களில் பம்பளிமாஸ் பானகமும் பதநீரும் வழங்கி, அவற்றை உள்ளூர் மரத்திலிருந்தும் உள்ளூர்த் தொழிலாளியிடமிருந்தும் விலைகொடுத்து வாங்குவார்களாக.

இரு சர்க்கார்களும் செய்யவேண்டியது ஒன்று உண்டு. எல்லையின் ஒருபுறம் மலிவும் மறுபுறம் கிராக்கியும் நிலைத்திருக்கும் வரையில் கடத்தலும் விபத்தும் நிற்கமாட்டா. புதுவையும் தமிழ்நாடும் கலந்து பேசித் தீர்வை விகிதங்களை இணக்கிக்கொள்வதும், மெத்தனால் போக்குவரத்தை ஒரே கணக்கில் கண்காணிப்பதும் அவசரமான காரியங்கள். இதற்குப் புதிய சட்டம் வேண்டுவதில்லை. வரும்படியில் சிறிது குறைந்தாலும் தாங்கும் மனம் வேண்டும்.

வீடு என்பது ஒவ்வொருவனுக்கும் உள்ள சிறிய ராஜ்யம். கடைத்தெருவிலுள்ள மதுவை ஒழிக்கத் தனி மனிதனால் இயலாமற் போகலாம். தன் அடுப்பங்கரைக்குள் அது வராமல் தடுக்க ஒவ்வொருவனாலும் இயலும். அந்த அதிகாரத்தை இன்றே செலுத்தத் தொடங்குவோமாக. கொல்லைப் பழமும் கடலுப்பும் பானைத் தண்ணீரும் நம் தாகத்திற்குப் போதும்.